டிஸ்லெக்சியா உள்ள குழந்தைக்கு வாசிக்கப் பழக்குவது: புத்தகத்தை மூடிவைத்துத் தொடங்குங்கள்

என் மகனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தை வாசிப்பதில் தடுமாறும் கற்றல் சிரமம். ஒருநாள் 'கொக்கு' என்ற சொல்லில் நின்றுவிட்டான். 'கெ' என்று தொடங்கினான். பக்கத்தில் இருந்த துணைக்காலைப் பார்த்ததும் 'கா' என்று மாற்றினான். பிறகு வாயே திறக்கவில்லை. அன்று அவனைத் திட்டினேன், இன்னும் உறுத்துகிறது. அவன் கவனித்துத்தான் படித்தான். கொம்பு, க, கால் என்று கண் மூன்று துண்டுகளைப் பார்க்கிறது. வாயில் வரவேண்டியதோ ஒரே ஒலி.

பேச்சு கேட்டுக் கேட்டே வந்துவிடும். எழுத்து அப்படியல்ல, அது தோன்றியே ஏறக்குறைய 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. வாசிப்புக்கென்று மூளையில் பிறவியிலேயே ஓர் இடம் கிடையாது. பொருள்களையும் முகங்களையும் அடையாளம் காணும் பகுதியில் கொஞ்சத்தை எழுத்துக்குப் பழக்கி, பேச்சொலியோடு இணைக்க வேண்டும். டிஸ்லெக்சியாவில் பெரும்பாலும் சிக்கல் இந்த இணைப்பில்தான். அறிவில் குறை இல்லை. கண்ணையும் காதையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். ஆனால் நிறக் கண்ணாடி வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள், அது வாசிப்பைச் சரிசெய்யாது.

அதனால் முதலில் காதுக்கு வேலை கொடுங்கள். "மரம், இதில் 'ம'வை எடுத்துவிட்டால்?" "பல், 'ப'வுக்குப் பதில் 'க' போட்டால்?" நடக்கும்போது, குளிக்கும்போதுகூட விளையாடலாம்.

அப்புறம் எழுத்து. 247ஐயும் கொட்டாதீர்கள். ப, ட, ம, க, ல ஐந்தும் ஒரு புள்ளியும் போதும்: படம், பல், கடல், கல். மணல் பரப்பிய தட்டில் விரலால் எழுதும்போதே அந்த ஒலியை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். 'கெ' நன்றாகப் படிந்து சில வாரம் கழித்தே 'கொ'வைக் காட்டுங்கள். நான் கொம்பையும் காலையும் சிவப்பில் எழுதி, "சிவப்பு ரெண்டும் சேர்ந்துதான் 'ஒ'" என்றேன். அவன் மூன்றையும் உள்ளங்கையால் மூடி 'கொ' என்றான், கையை எடுத்தான், மறுபடி சொன்னான். ன, ண போன்றவற்றையும் இப்படியே தள்ளித் தள்ளி வையுங்கள்.

படம் இருந்தால் மூடிவிடுங்கள், பார்த்து ஊகித்துவிடுவார்கள். ஒரே பத்தியை மூன்று முறை படிக்கவிடுங்கள், முதலில் நீங்கள் படித்துக்காட்டி.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: அவன் வயதுக்கேற்ற கதைகளைத் தினமும் நீங்களே வாசித்துக் காட்டுங்கள். எழுத்தோடு போராடும் காலத்தில் சொல்வளமும் உலக அறிவும் பட்டினி கிடக்கக் கூடாது. ஆசிரியரிடம் பேசி, வகுப்பில் திடீரென எழுப்பிப் படிக்கச் சொல்வதைத் தவிர்க்கக் கேளுங்கள். தேர்வில் கூடுதல் நேரமும் கேளுங்கள். சிறப்புக் கல்வி பயிற்றுநரிடம் மதிப்பீட்டுக்குச் செல்ல அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டாம்.

ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம். தடுமாறிய சொல்லோடு எழுந்துபோக விடாதீர்கள். தெரிந்த சொல் ஒன்றைக் கொடுத்து, அதைப் படித்ததும் நிறுத்துங்கள்.