ராத்திரி கைது, காலையில் எந்த வக்கீலைப் பார்ப்பது?

கோவில் கொடையில் நடந்த அடிதடிக்காக என் சித்தப்பா மகனை ராத்திரியோடு ராத்திரியாக ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். வாசலில் நின்ற ஒருவர் "நாளைக்கே ஜாமீன்" என்றதும் பணத்தை எண்ணிக் கொடுத்ததுதான் நாங்கள் செய்த முதல் தப்பு. கோர்ட்டுக்குப் போகும் வழக்கில் ஜாமீன் தருவது நீதிபதி. அதற்கு உறுதி சொல்கிற ஆளிடம் தள்ளியே நில்லுங்கள்.

முதலில் குற்ற எண்ணையும் (எஃப்.ஐ.ஆர். எண்) சட்டப்பிரிவுகளையும் ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வக்கீல் கேட்பது அதைத்தான். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் ஆஜர்படுத்தியாக வேண்டும், அதனால் தேட அவகாசம் குறைவு. எந்தக் கோர்ட் என்று விசாரித்து, அங்கே தினமும் கிரிமினல் வழக்கு நடத்துகிறவரைப் பிடியுங்கள். சொத்து வழக்கில் புலியான சொந்தக்கார வக்கீல் இதற்குச் சரிப்பட மாட்டார் (எங்கள் மாமா கோபித்துக்கொண்டார், அது வேறு கதை). ஃபீஸ் ஜாமீனுக்கு மட்டுமா, வழக்கு முடியும்வரையா என்று கேட்ட அப்புறம்தான் வக்காலத்தில் (நமக்காக ஆஜராக வக்கீலுக்கு எழுதித்தரும் தாள்) கையெழுத்து.

சரி, கையில் காசில்லையா? எங்கள் திருநெல்வேலி மாவட்டத்துக்குப் பாளையங்கோட்டை கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற சட்ட உதவி எண்ணிலும் கேட்கலாம்.