சைக்கிள் ஹான்டிலில் கமராவைப் பொருத்த வீட்டிலேயே ஒரு தாங்கி

இந்தத் தாங்கியில் பிழை வரக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான், அது போல்ட். கமராவின் அடியிலுள்ள திருகுத் துளை கால் அங்குல அளவுடையது. அங்குலத்துக்கு 20 புரிகள். கொழும்பில் பழைய சோனகர் தெருவிலுள்ள இரும்புச்சாமான் கடைகளில் வெறுமனே “போல்ட்” என்று கேட்டால் 6 மில்லிமீற்றர் போல்ட்டையே எடுத்துத் தந்துவிடக்கூடும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தாலும் கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீற்றர், புரி இடைவெளியும் வேறு. என் முதல் தாங்கியில் 6 மில்லிமீற்றர் போல்ட்டைப் போட்டதால், வெள்ளவத்தையில் ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கிய கணமே கமரா கழன்று தெருவில் விழுந்தது. ஆகவே கமராவைக் கையோடு கொண்டுசென்று, போல்ட் விரலாலேயே இலகுவாக ஏறுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். கடற்காற்றுக்கு இரும்பு விரைவில் துருப்பிடிக்கும் என்பதால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலே நல்லது.

அடுத்து, சைக்கிள் திருத்தும் கடையில் ஒளித்தெறிப்பானை (ரிஃப்ளெக்டர்) ஹான்டிலில் மாட்டும் பழைய பட்டி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் சைக்கிளில் இருப்பதைக் கழற்ற வேண்டாம், இரவில் அது உங்களுக்குத் தேவை. பட்டியின் துளையை 6.5 மில்லிமீற்றராகப் பெருப்பித்து, போல்ட்டைக் கீழிருந்து செருகி, வாஷரும் நட்டும் போட்டு இறுக்குங்கள். அதன்மேல் இரண்டாவது நட்டையும் ஓர் இறப்பர் வாஷரையும் தளர்வாக விடுங்கள்.

ஹான்டிலின் நடுப்பகுதிக்கு அருகில், பழைய ரியூப்பிலிருந்து வெட்டிய இறப்பர் துண்டை இரண்டு சுற்றுச் சுற்றி, அதன்மேல் பட்டியை மாட்டுங்கள். வழமையாக முன்னே பார்க்கும் முகம் இப்போது மேலே பார்க்க வேண்டும். இறப்பர் வழுக்கலைத் தடுப்பதோடு சிறு அதிர்வுகளையும் உறிஞ்சிக்கொள்ளும்; எனினும் தடிப்பாகச் சுற்றினால் கமரா ஊஞ்சலாடி, படம் அலையலையாக நெளியும்.

இனிக் கமராவைத் திருகுங்கள். ஏறத்தாழ 4.5 மில்லிமீற்றருக்கு மேல் போல்ட் உள்ளே போகக்கூடாது. அடி முட்டிய பின்னும் திருகினால் கமராவின் உட்பகுதி உடையும். கமரா முன்னோக்கி நின்றதும், இரண்டாவது நட்டை மேல்நோக்கி ஏற்றி இறப்பர் வாஷரோடு சேர்த்து இறுக்கிப் பூட்டுங்கள்.

கமராவோடு வரும் தோள்பட்டியை ஹான்டிலில் தனியாக ஒரு முடிச்சுப் போட்டுக் கட்டிவிடுங்கள். ஹான்டிலை இரு பக்கமும் முழுவதுமாகத் திருப்பி, பிரேக் கம்பிகள் எங்கும் சிக்கவில்லை என்பதையும் பாருங்கள். முதல் ஓட்டத்தை மெரைன் டிரைவில் விடியற்காலையில், வாகனங்கள் குறைந்த நேரத்தில் வைத்துக்கொண்டு, பத்து நிமிடத்துக்குப் பின் நிறுத்தி இரண்டு நட்டுகளையும் மீண்டும் இறுக்குங்கள்.