பெப்டைடைச் சேர்க்கும் முன்பே சாயம் கசிகிறதா? லிப்போசோம் கசிவுச் சோதனை, படிப்படியாக

எச்.ஐ.வி.யின் டாட் புரதம் தானாகவே செல்லுக்குள் நுழைவது 1988இல் கண்டறியப்பட்டது. அத்தகைய ஊடுருவும் பெப்டைடுகள் (சிறு அமினோ அமிலச் சங்கிலிகள்) கொழுப்புச் சவ்வைத் துளைக்கின்றனவா என்பதை அறிய, சாயம் நிரப்பிய லிப்போசோம்களோடு (கொழுப்புச் சவ்வாலான நுண்பைகள்), ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் ஒன்பது கொண்ட பெப்டைடைச் சேர்த்து நான் செய்த முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பிஓபிசி, பிஓபிஜி என்ற லிப்பிடுகளை (சவ்வை உருவாக்கும் கொழுப்பு மூலக்கூறுகள்) 3:1 விகிதத்தில் குளோரோஃபார்மில் கரைத்து, நைட்ரஜன் வாயுவால் உலர்த்தி, இரவு முழுவதும் வெற்றிடத்தில் வையுங்கள். எதிர்மின்னூட்டம் கொண்ட பிஓபிஜியைத் தவிர்க்காதீர்கள். ஆர்ஜினினின் குவானிடினியம் தொகுதி லிப்பிடின் பாஸ்பேட்டைப் பற்றிக்கொள்ளும் என்றாலும், நேர்மின்னூட்டம் கொண்ட பெப்டைடைச் சவ்வருகே இழுத்து வருவது பெரும்பாலும் பிஓபிஜியின் அந்த எதிர்மின்னூட்டமே.

அடுத்து, சோடியம் ஹைட்ராக்சைடால் pH 7.4க்குக் கொண்டுவந்த 50 மில்லிமோலார் கார்பாக்ஸிஃப்ளூரசீன் என்ற ஒளிரும் சாயத்தின் கரைசலை ஊற்றி, ஐந்து முறை உறையவைத்து உருக்கி, 100 நானோமீட்டர் வடிகட்டி வழியாக 21 முறை அழுத்தித் தள்ளுங்கள். எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருந்தால்தான், வடிகட்டப்படாத மிச்சம் இறுதிக் கரைசலில் கலக்காது. இந்தச் செறிவில் சாயம் தன் ஒளிர்வைத் தானே அடக்கிக்கொண்டு கருஞ்சிவப்பாகத் தெரியும். வெளியே கசிந்து நீர்த்ததும் பச்சையாக ஒளிரும்.

வெளியில் எஞ்சிய சாயத்தைச் செஃபடெக்ஸ் ஜி-50 நிரலில் (பெரிய லிப்போசோம்களை முன்னே விட்டு, சிறிய சாய மூலக்கூறுகளைத் தாமதப்படுத்தும் மணிகள் நிரம்பிய குழாய்) பிரிக்கும் இடத்தில்தான் நான் தடுமாறினேன். பெப்டைடைச் சேர்க்கும் முன்பே ஒளிர்வு ஏறிக்கொண்டிருந்ததால், லிப்பிடு கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதியதையும் வாங்கிவிட்டேன். உண்மையில், சாயத்தோடு சேர்ந்த சோடியம் அயனிகளால் உள்ளே கரைபொருள் அதிகமாகவும் நிரலில் ஓடிய தாங்கல் கரைசலில் குறைவாகவும் இருந்தன. நீர் உள்ளே புகுந்து லிப்போசோம்கள் வீங்கிக் கசிந்தன. கரைபொருள் செறிவைக் காட்டும் ஆஸ்மோமீட்டரில் இரண்டு கரைசல்களையும் அளந்து, வெளிக்கரைசலில் உப்புச் சேர்த்துச் சமன் செய்தபின் அடிக்கோடு (பெப்டைடு சேர்க்கும் முன் உள்ள ஒளிர்வு) அசையவில்லை.

பெப்டைடை, புரதம் ஒட்டாத பிளாஸ்டிக் குழாயிலேயே வையுங்கள். நேர்மின்னூட்டப் பெப்டைடு கண்ணாடியில் ஒட்டிக் காணாமல் போகும். சாயத்தை 492இல் தூண்டி, ஒளிர்வை 517 நானோமீட்டரில் அளந்து, கடைசியில் எல்லா லிப்போசோம்களையும் உடைக்கும் சோப்பு போன்ற 0.1% ட்ரைட்டான் எக்ஸ்-100 ஊற்றினால் கிடைப்பதே நூறு சதவீதக் கசிவு. கசிவு இல்லையெனில் பெப்டைடு நுழையவில்லை என்று எழுதிவிடாதீர்கள். சாயத்தை வெளியே விடாமலும் அது சவ்வைக் கடக்கலாம்.

பிற்சேர்க்கை: பெப்டைடைச் சேர்த்ததும் ஒளிர்வு இறங்குவதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். சாயம் எதிர்மின்னூட்டம் கொண்டது என்பதால் பெப்டைடு அதனோடும் பிணையக்கூடும். லிப்போசோம் இல்லாத, நீர்த்த சாயக் கரைசலில் அதே அளவு பெப்டைடைச் சேர்த்துப் பாருங்கள்; அங்கும் இறங்கினால், அந்த இறக்கத்துக்கும் சவ்வுக்கும் தொடர்பில்லை.