சொகுசுக் கார் சர்வீஸ்: எந்தச் செலவு எப்போது வரும், எதைத் தள்ளிப்போடக் கூடாது

பத்து வருடம் ஓடிய சொகுசுக் கார், ஷோரூம் விலையில் ஒரு சிறு பங்குக்கே கைமாறும். ஆனால் அதன் உதிரிபாகங்களின் விலை அப்படி இறங்குவதில்லை. ஏர் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட் (காற்றழுத்தத்தால் காரைத் தாங்கும் தூண்), அடாப்டிவ் ஹெட்லைட், கேரமிக் பிரேக் டிஸ்க் எல்லாமே கார் புதிதாக இருந்தபோது எந்த விலை மட்டத்தில் இருந்தனவோ அதே மட்டத்தில்தான் இன்றும் இருக்கும். அதனால் பழைய காருக்கு ஒதுக்கும் பராமரிப்புப் பணத்தை வாங்கிய விலையை வைத்துக் கணக்கிடக் கூடாது. அந்த மாடலின் புது விலையை மனதில் வைத்துக் கணக்கிட வேண்டும்.

இரண்டாவது விஷயம் இதைவிட முக்கியம். பெரிய பில்களில் பல, மலிவான ஒரு ரப்பர் அல்லது பிளாஸ்டிக் துண்டில் தொடங்குகின்றன. பிஎம்டபிள்யூவின் என்52, என்54, என்55 இன்லைன் 6 சிலிண்டர் இன்ஜின்களில் ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட் (ஃபில்டர் கூட்டின் ரப்பர் அடைப்பு) வெப்பத்தில் இறுகி, ஆயில் கசியத் தொடங்கும். கசியும் ஆயில் நேராக டிரைவ் பெல்ட்டில் விழுகிறது. ஊறிப்போன பெல்ட் நார்நாராகக் கிழிந்து, கிராங்க் புல்லிக்குப் பின்னால் சிக்கி, முன்பக்க ஆயில் சீலையும் தாண்டி இன்ஜினுக்குள் போய்விடுவதுண்டு. அப்படிப் போனால் இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்பைக் கழற்றித் துணுக்குகளைத் துடைத்தெடுக்க வேண்டும். கேஸ்கெட்டோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, இன்ஜின் பிழைக்குமா என்ற கேள்வியில் வந்து நிற்கும். கசிவு தெரிந்தவுடன் கேஸ்கெட்டையும் பெல்ட்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

எஸ்டிமேட்டைப் படிக்கும் முறை

எஸ்டிமேட்டில் மொத்தத் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். லேபர் எத்தனை மணி நேரம், மணிக்கு என்ன கட்டணம், பாகங்கள் என்ன விலை, ஆயில், கூலன்ட், போல்ட் போன்றவை எவ்வளவு என்று நான்காகப் பிரித்துக் கேளுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் தயாரிப்பு நிறுவனம் நிர்ணயித்த நேரக் கணக்கு உண்டு. ஒரே இடத்தைப் பிரித்து இரண்டு வேலை செய்யும்போது இரண்டுக்கும் முழு நேரம் போட்டிருந்தால் விளக்கம் கேளுங்கள். வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் அடுத்தடுத்து இருக்கும் இன்ஜினில் இரண்டாவதற்கு ஆகும் கூடுதல் நேரம் மிகக் குறைவு. இரண்டையும் ஒரே தடவையில் மாற்றுவது நியாயம் என்பதற்கும் இதுவே காரணம்: கூலன்ட் ஒரு முறைதான் வடிகிறது, லேபர் ஒரு முறைதான் விழுகிறது.

பாகங்களை 17 இலக்க சேசிஸ் எண்ணைக் கொடுத்துத்தான் தேட வேண்டும். ஒரே மாடலில், ஒரே வருடத்தில்கூட இரண்டு வகை பிரேக், இரண்டு வகை சஸ்பென்ஷன் ஆர்ம் இருக்கும். கார் நிறுவனத்தின் பெட்டியில் வரும் பாகத்தைப் பெரும்பாலும் வேறு நிறுவனம்தான் தயாரிக்கிறது: சஸ்பென்ஷனில் லெம்ஃபோர்டர், டேம்பரில் சாக்ஸ், பில்ஸ்டைன், ஃபில்டரில் மான், மாலே, பிரேக்கில் ஏடிஇ, டெக்ஸ்டார், பிரெம்போ. உங்கள் காருக்கு யார் செய்து கொடுத்தார்கள் என்று தெரிந்தால் அதே பாகத்தை அவர்கள் பெட்டியில் குறைந்த விலைக்கு வாங்கலாம். பெயர் தெரியாத மலிவு பாகத்தை ஃபில்டர் கவரிலோ டிரிம் கிளிப்பிலோ வேண்டுமானால் சோதித்துப் பாருங்கள். சென்சார், கன்ட்ரோல் ஆர்ம், வாட்டர் பம்ப் இவற்றில் வேண்டாம். மூன்றிலும் பாகத்தோடு லேபரும் சேரும். அந்த லேபரை இரண்டு முறை கட்ட நேரும்.

இன்ஜின் ஆயில்

கேனில் 5டபிள்யூ-30 என்று பாகுத்தன்மை எண் இருப்பது மட்டும் போதாது. பிஎம்டபிள்யூ லாங்லைஃப்-04, மெர்சிடிஸ் 229.51, ஃபோக்ஸ்வாகன் 504 00/507 00 போன்ற அங்கீகார எண்ணை உங்கள் ஓனர்ஸ் மேனுவலோடு ஒப்பிடுங்கள். கேனில் ‘அங்கீகரிக்கப்பட்டது’ என்று அச்சிட்டிருக்க வேண்டும். ‘பொருந்தும்’ என்பது தயாரிப்பாளர் தானே சொல்லிக்கொள்வது. டீசல் பார்ட்டிகுலேட் ஃபில்டர் உள்ள காரில் சாம்பல் குறைவான ஆயில்தான் ஊற்ற வேண்டும். இல்லையென்றால் எரிந்த ஆயிலின் சாம்பல் ஃபில்டரில் படிந்துவிடும். ஃபில்டர் சூடேறித் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் ரீஜெனரேஷன், புகைக்கரியை எரித்துவிடும். சாம்பலை எதுவும் எரிக்காது.

4 சிலிண்டர் இன்ஜினுக்குச் சுமார் 5 லிட்டர், 6 சிலிண்டருக்கு 6.5 முதல் 7 லிட்டர், வி8 இன்ஜினுக்கு 8 முதல் 10 லிட்டர் வரை பிடிக்கும். பல கார்களில் டிப்ஸ்டிக் இருக்காது. இன்ஜின் சூடான பிறகு, சமதளத்தில் நிறுத்தி, திரையில் அளவைப் பார்க்க வேண்டும். ஆயில் மாற்றிய கையோடு குளிர்ந்த இன்ஜினில் திரையை நம்பிக் கூடுதலாக ஊற்றிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. வடிகால் போல்ட்டின் வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் சில இன்ஜின்களில் வடிகால் திருகே பிளாஸ்டிக். அதை ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது.

கார் நிறுவனங்கள் சொல்லும் 25,000 முதல் 30,000 கிலோமீட்டர் அல்லது 2 வருட இடைவெளி, நீண்ட சீரான ஓட்டத்துக்குத்தான் பொருந்தும். குறுகிய தூரம், நெரிசல், அதிக வெப்பம் என்றால் 10,000 முதல் 12,000 கிலோமீட்டரில், அதிகபட்சம் ஒரு வருடத்தில் மாற்றுவதே எங்கள் பரிந்துரை. டர்போ பேரிங், டைமிங் செயின் டென்ஷனர், வால்வ் டைமிங் சாலினாய்டு எல்லாம் இந்த ஆயிலை நம்பித்தான் வேலை செய்கின்றன. பிஎம்டபிள்யூ என்47 டீசலிலும் ஆடியின் 4.2 லிட்டர் வி8 இன்ஜினின் சில வகைகளிலும் டைமிங் செயின் இன்ஜினின் பின்பக்கம் இருக்கிறது. அதைத் தொட இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்கியாக வேண்டும். அந்த லேபரோடு பார்த்தால் இடையில் ஒரு ஆயில் சர்வீஸ் கூடுதலாகச் செய்வது ஒரு செலவே இல்லை.

கியர்பாக்ஸ்

‘ஆயுள் முழுவதும் ஆயில் மாற்ற வேண்டாம்’ என்று கார் நிறுவனம் சொன்னாலும், பல சொகுசுக் கார்களின் கியர்பாக்ஸைத் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனம் 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 வருடத்தில் மாற்றச் சொல்கிறது. தயாரித்தவர் பேச்சைக் கேளுங்கள். 8 கியர் இசட்எஃப் பெட்டிகள் பலவற்றில் ஃபில்டரும் கீழ்த்தட்டும் ஒரே பிளாஸ்டிக் பாகம். அதையும் போல்ட்டுகளையும் சேர்த்தே வாங்க வேண்டும். அளவு பார்க்கும்போது இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ஆயில் வெப்பநிலை ஏறத்தாழ 30 முதல் 50 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். ஸ்கேனரில் வெப்பநிலை பார்க்காமல் ஊற்றுகிற ஒர்க்‌ஷாப்பில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின், எண்ணெயில் மூழ்கிய இரட்டை கிளட்ச் டிஎஸ்ஜி பெட்டிகளுக்கு வழக்கமான இடைவெளி 60,000 கிலோமீட்டர்.

பிரேக்

பிரேக் ஃப்ளூயிடை 2 வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள், கார் ஓடியிருந்தாலும் இல்லாவிட்டாலும். டாட் 4 தர ஃப்ளூயிடின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும். ஈரம் உறிஞ்சிய நிலையில் அந்த வரம்பு 155 டிகிரிதான். பேடு தேய்மான சென்சார் ஒரு முறை எச்சரிக்கை கொடுத்துவிட்டால் அதுவும் மாற்ற வேண்டியதே. டிஸ்க்கின் மையப் பகுதியிலோ விளிம்பிலோ குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். மைக்ரோமீட்டரால் அளந்து காட்டச் சொல்லுங்கள். எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் உள்ள காரில் பின் பேடு மாற்றும் முன் ஸ்கேனர் மூலம் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். பிஸ்டனைக் கிளாம்ப் வைத்து அழுத்தினால் உள்ளே இருக்கும் மோட்டாரும் ஸ்க்ரூவும் உடையும்.

பேட்டரி

எல்லாரும் சாதாரணமாக நினைத்து ஏமாறும் இடம் இது. பல சொகுசுக் கார்களில் ஏஜிஎம் வகை (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும்) பேட்டரி, நெகட்டிவ் டெர்மினலில் மின்னோட்டத்தை அளக்கும் சென்சாரோடு இருக்கும். பேட்டரிக்கு வயதாக ஆக, கார் அதற்கேற்பச் சார்ஜ் செய்யும் முறையை மாற்றிக்கொண்டே வரும். புதியதை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் பதிவு செய்யாமல் விட்டால், பழைய பேட்டரிக்கான சார்ஜ் புதியதற்குப் போய் அதன் ஆயுள் குறையும். ஆம்பியர்-அவர் அளவையோ வகையையோ மாற்றினால் கோடிங்கும் (காரின் கம்ப்யூட்டரில் உள்ள பேட்டரி அமைப்பும்) மாற்ற வேண்டும்.

மின்னழுத்தம் குறைந்தால் ஏபிஎஸ், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் என்று சம்பந்தமில்லாத பத்துப் பதினைந்து எச்சரிக்கைகள் ஒன்றாக வரும். அந்த நிலையில் எந்த மாட்யூலையும் (மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியையும்) மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். முதலில் பேட்டரியைச் சார்ஜ் செய்து, சில மணி நேரம் ஓய்வுக்குப் பின் அளந்து பாருங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நல்ல சார்ஜ், 12.2-க்குக் கீழே என்றால் பாதிக்கு மேல் காலி. பிறகு எல்லாப் பிழைக் குறியீடுகளையும் அழித்துவிட்டு ஓட்டி, மீண்டும் வருபவற்றை மட்டும் துரத்துங்கள். அதற்கும் பிழைக் குறியீடு படிக்கும் சாதாரண ஓபிடி ரீடர் போதாது. பிஎம்டபிள்யூவுக்கு ஐஸ்டா, மெர்சிடிஸுக்கு எக்ஸென்ட்ரி, ஆடிக்கு ஓடிஸ், போர்ஷேவுக்குப் பிவிஸ் போன்ற நிறுவன அளவிலான கருவி இருக்கிறதா என்று ஒர்க்‌ஷாப்பைத் தேர்ந்தெடுக்கும் முன்பே கேளுங்கள்.

ஏர் சஸ்பென்ஷன்

காலையில் கார் ஒரு மூலையில் மட்டும் தாழ்ந்து நின்றால் அந்தப் பக்கத்து ஏர் ஸ்பிரிங்கில் கசிவு இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டார்ட் செய்ததும் கம்ப்ரெசர் ஓடிக் காரை நிமிர்த்திவிடும், உரிமையாளரும் மறந்துவிடுவார். கம்ப்ரெசர் சில நிமிட வேலைக்கென்று வடிவமைக்கப்பட்டது. கசிவை ஈடுகட்ட ஓயாமல் ஓடினால் சூடேறி எரிந்துபோகும். ஒரு ஸ்பிரிங் செலவு, ஸ்பிரிங், கம்ப்ரெசர் இரண்டின் செலவாகிறது.

இப்படிச் சோதியுங்கள். காரைச் சாதாரண உயரத்தில் நிறுத்தி, நான்கு சக்கரங்களின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதி வையுங்கள். 12 மணி நேரம் கழித்து, கதவைத் திறக்காமல் மீண்டும் அளங்கள்; கதவைத் திறந்தாலே சில கார்கள் உயரத்தைச் சரிசெய்யத் தொடங்கிவிடும். தாழ்ந்த பக்கத்தில் ரப்பர் மடிப்பு, காற்றுக் குழாய் இணைப்பு, காற்றைப் பிரித்தனுப்பும் வால்வ் பிளாக் மூன்றிலும் சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழி தேடுங்கள். கம்ப்ரெசர் மாற்ற நேர்ந்தால் அதன் ரிலேயையும் மாற்றுங்கள். பழைய ரிலே ஒட்டிக்கொண்டால் புதிய கம்ப்ரெசர் நிற்காமல் ஓடி எரியும். ஜாக் வைக்கும் முன் மெனுவில் ஜாக் நிலையை இயக்க மறக்காதீர்கள்.

தண்ணீர் போகும் வழிகள்

கூலன்ட்டை நிறம் பார்த்துச் சேர்க்காதீர்கள், அங்கீகார எண்ணைப் பாருங்கள். காய்ச்சி வடித்த நீரோடு (டிஸ்டில்டு வாட்டர்) சம அளவில் கலக்குவது வழக்கம். 80,000 கிலோமீட்டர் தாண்டிய காரில் எக்ஸ்பான்ஷன் டேங்க், பிளாஸ்டிக் குழாய் முனைகள் இவற்றில் வெடிப்பும் காய்ந்த கறையும் தேடுங்கள். எலக்ட்ரிக் வாட்டர் பம்ப் சத்தமோ கசிவோ காட்டாமல் ஒரே நாளில் நின்றுவிடும். வெப்ப எச்சரிக்கை வந்தால் உடனே நிறுத்துங்கள். ‘வீடு வரை ஓட்டிவிடலாம்’ என்ற எண்ணத்தில் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துபோகும்.

சன்ரூஃபின் நான்கு மூலைகளிலும் வடிகால் குழாய்கள் உண்டு. அவை தூசியில் அடைபட்டால் மழைநீர் கார்ப்பெட்டுக்கு அடியில் இறங்கும். அங்கேதான் பல மாட்யூல்களும் வயரிங் இணைப்புகளும் இருக்கின்றன. வருடத்துக்கு இரண்டு முறை ஒவ்வொரு மூலையிலும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, காருக்கு அடியில் வடிகிறதா என்று பாருங்கள். அழுத்தக் காற்று அடித்தால் உள்ளே குழாய் இணைப்பு கழன்றுவிடும்; மெல்லிய நைலான் ஒயர் விட்டுச் சுத்தம் செய்யுங்கள்.

டயரில் ஒன்று மட்டும்: நான்கு சக்கர இயக்கக் காரில் முன் பின் டயர்களின் தேய்மானம் வேறுபட்டால் முன் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் கிளட்ச் ஓயாமல் நழுவிச் சூடாகும். நான்கையும் ஒரே வகையில், ஒன்றாக மாற்றுங்கள்.

மாத ஒதுக்கீடு

அடுத்த 36 மாதங்களில் வரப்போகும் வேலைகளை எழுதுங்கள். 70,000 கிலோமீட்டர் ஓடிய, வருடத்துக்கு 15,000 ஓடும் 6 வயது பெட்ரோல் காரென்றால்: ஆயில் சர்வீஸ் நான்கு, பிரேக் ஃப்ளூயிட் இரண்டு, ஸ்பார்க் பிளக் ஒன்று, கியர்பாக்ஸ் ஆயில் ஒன்று, முன் டிஸ்க்கும் பேடும் ஒரு முறை, டயர் ஒரு செட், பேட்டரி ஒன்று, வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் ஒரு முறை. ஒவ்வொன்றுக்கும் எஸ்டிமேட் வாங்கிக் கூட்டி 36-ஆல் வகுத்தால் மாதத் தொகை வந்துவிடும். இதோடு எதிர்பாராத வேலைக்கென்று, உங்கள் காரில் விலை அதிகமான ஒற்றைப் பாகத்தை, ஏர் ஸ்ட்ரட்டோ டர்போவோ, மாற்றும் தொகையைத் தனியே வையுங்கள். அதை எடுத்தால் அடுத்த மாதங்களில் நிரப்புங்கள்.

வண்டியை எடுக்கும்போது கழற்றிய பழைய பாகங்களைக் கேளுங்கள். பில்லில் பாக எண்கள், ஆயிலின் அங்கீகார எண், கிலோமீட்டர் அளவு, பேட்டரி பதிவு செய்த விவரம் இருக்க வேண்டும். சர்வீஸ் புத்தகம் இல்லாத மாடல்களில் நிறுவனத்தின் டிஜிட்டல் பதிவில் ஏற்றினார்களா என்று உறுதிசெய்யுங்கள். சக்கரம் கழற்றியிருந்தால் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் வீல் போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து மீண்டும் சோதியுங்கள்; இந்தக் கார்களில் பெரும்பாலும் 120 முதல் 160 நியூட்டன் மீட்டருக்குள் வரும், உங்கள் மாடலுக்குரிய எண் மேனுவலில் இருக்கிறது.