சூப்பர் ஸூம் கமரா: படத்தின் தெளிவைக் கெடுக்கும் தவறுகள்

திருகோணமலையின் நிலாவெளிக் கடற்கரையில் நின்றுகொண்டு, உச்சி வெயிலில், புறாத்தீவை நோக்கி ஸூமை முழுதாக இழுத்து எடுத்த படம் ஒன்றைப் பாருங்கள். பாறை தெரியும், படகு தெரியும், ஆட்கள்கூடத் தெரிவார்கள். ஆனால் எதற்கும் ஓரம் இருக்காது. பாறையின் விளிம்பு நெளிந்திருக்கும், படகில் எழுதிய பெயர் கரைந்து போயிருக்கும். உடனே கமராமீது பழி விழும். அடுத்ததாக, "இதைவிடக் கூட ஸூம் உள்ளது என்ன விலை?" என்ற கேள்வி வரும்.

பிரிட்ஜ் கமரா (லென்ஸைக் கழற்ற முடியாத, நீண்ட ஸூம் உள்ள கமரா) வைத்திருப்பவர்கள் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நிக்கோன் பி900, பி950, பி1000, கெனன் எஸ்எக்ஸ்70 போன்றவை உண்மையிலேயே நல்ல படம் தரக்கூடியவை. அவற்றுக்கு ஒத்துவராதவை இரண்டு: நடுவில் நிற்கும் காற்று, குறைந்த வெளிச்சம். நம்மவர்கள் விடும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றில்தான் போய் முடிகின்றன.

ஸூம் தூரத்தைக் குறைத்துவிடும் என்று நம்புவது

நிலாவெளிக் கரையிலிருந்து புறாத்தீவு சுமார் ஒரு கிலோமீற்றர். 2000 மில்லிமீற்றரில் (பி900, பி950இன் முழு ஸூம்) அங்கே உங்கள் படச் சட்டத்துக்குள் வருவது ஏறத்தாழ 18 மீற்றர் அகலம். அந்த 18 மீற்றரிலிருந்து வரும் ஒளி ஒரு கிலோமீற்றர் காற்றைக் கடந்துதான் லென்ஸுக்கு வந்து சேர வேண்டும். கொதிக்கும் மணல், அதைவிடக் குளிர்ந்த கடல், அவற்றுக்கு மேலே வெவ்வேறு சூட்டில் புரளும் காற்று. சூடு மாறினால் காற்றின் அடர்த்தி மாறும், அடர்த்தி மாறினால் ஒளி வளையும். வெறுங்கண்ணுக்குத் தெரியாத அந்த நடுக்கத்தை நீண்ட லென்ஸ் பெருப்பித்துக் காட்டிவிடுகிறது.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் இது இன்னும் மோசம். மேற்கிலிருந்து வரும் அந்த வறண்ட காற்றும் வெயிலும் சேர்ந்து தரையைக் காய்ச்சிவிட, காலையிலேயே தார் வீதியில் கானல் ஓடத் தொடங்கிவிடும். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் எந்த ஸ்டெபிலைசரும் இதைச் சரிசெய்யாது. கணினியில் கூர்மையைக் கூட்டினால் நெளிவுதான் கூர்மையாகும்.

விடிந்து ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்குள் தூரத்துப் படங்களை முடித்துவிடுங்கள். மழை பெய்து ஓய்ந்த நேரமும் நல்லது. தூசியும் அடங்கியிருக்கும், தரையும் குளிர்ந்திருக்கும். உயரமும் உதவும். கோணேசர் கோயில் இருக்கும் மலை முனையிலிருந்து கடலைப் பார்க்கும்போது மணலையொட்டிக் கொதிக்கும் காற்றுக்கு மேலே நிற்கிறீர்கள். அதே படகைக் கடற்கரை மணலில் நின்று எடுப்பதைவிட அங்கிருந்து எடுத்தால் தெளிவு கூடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மருந்து, கிட்டப் போவது. பதினைந்து மீற்றரில் இருக்கும் மீன்கொத்தியை முழு ஸூமில் எடுங்கள். தலையிலுள்ள இறகுக் கீற்றுகள் தனித்தனியே வரும். முழு ஸூமை இழுப்பதில் தப்பே இல்லை. தூரத்தை அதனால் ஈடுகட்டிவிடலாம் என்று நினைப்பதுதான் தப்பு. தம்பலகாமத்து வயல்களில் நத்தைகுத்தி நாரை நின்றால், வீதியில் நின்றே ஸூமை இழுக்காமல் வரம்பு வழியே கொஞ்சம் மெல்ல நடந்து பாருங்கள். நேராக அதை நோக்கிப் போகாமல் சாய்வாகப் போனால் பெரும்பாலும் பறக்காது. ஓட்டோவுக்குள் இருந்தபடியே, எஞ்சினை நிறுத்திவிட்டு எடுப்பதும் நல்ல வழி. பறவைகள் ஆளைக் கண்டு பயப்படும் அளவுக்கு வண்டியைக் கண்டு பயப்படுவதில்லை.

வான் வண்டியில் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏசி போட்ட வானின் கண்ணாடியை இறக்கி அப்படியே எடுத்தால், உள்ளிருந்து வரும் குளிர்காற்றும் வெளியே உள்ள சூடும் லென்ஸுக்கு முன்னாலேயே கலக்கும். ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் நடக்கும் நெளிவு அங்கே ஒரு சாண் தூரத்தில் நடக்கும். குளிரில் இருந்த லென்ஸ் வெளிக்காற்றுப் பட்டவுடன் வேர்த்தும் போகும். ஏசியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிப் பத்து நிமிடம் பொறுங்கள்.

மங்கல் எதனால் என்று பார்க்காமல் படத்தை அழிப்பது

மங்கலான படம் ஒரே மாதிரித் தெரிந்தாலும் காரணம் மூன்று. அவற்றைப் பிரித்தறியப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஒரே காட்சியைத் தொடர்ச்சியாக நாலைந்து படம் எடுத்து, கமராவின் திரையில் பெருப்பித்து ஒன்றன்பின் ஒன்றாகப் புரட்டுங்கள். ஒவ்வொரு படத்திலும் விளிம்பு வேறு வேறு விதமாக நெளிந்திருந்தால் அது காற்று. வீட்டுக்குப் போய் விடியற்காலை வாருங்கள். வேறு வழி இல்லை. சட்டத்தில் உள்ள எல்லாப் பொருளும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. பறவை மங்கலாக, அதற்கு முன்னாலிருக்கும் புல்லோ பின்னாலிருக்கும் கிளையோ பளிச்சென்று இருந்தால் போகஸ் தவறியிருக்கிறது.

போகஸ் தவறுவதற்கு முக்கிய காரணம், எங்கே பிடிப்பது என்று கமராவையே தெரிவு செய்ய விடுவது. அது கிட்ட இருக்கும் கிளையைத்தான் பிடிக்கும். போகஸ் புள்ளியை நடுவில், ஆகச் சிறியதாக வையுங்கள். இன்னொன்று, நீண்ட ஸூமில் இந்தக் கமராக்களால் மிகக் கிட்டவும் பார்க்க முடியாது. பி900 முழு ஸூமில் சுமார் 5 மீற்றருக்கு அப்பால்தான் போகஸ் பிடிக்கும், பி1000க்கு சுமார் 7 மீற்றர் வேண்டும். முற்றத்துச் செவ்வரத்தையில் தேன் குடிக்கும் குருவி மூன்று மீற்றரில் இருந்தால், கமரா முன்னும் பின்னும் ஓடிக் களைத்துவிடும். பி900 என்றால் இரண்டு மீற்றர், பி1000 என்றால் நாலு மீற்றர் பின்னால் போங்கள், அல்லது ஸூமைக் குறையுங்கள்.

பெரிய கமராவுக்குச் சொன்ன அபர்ச்சரைச் சின்னக் கமராவில் வைப்பது

"எஃப் 8இல் வை, கூர்மையாக வரும்" என்று டிஎஸ்எல்ஆர் வைத்திருக்கும் நண்பர் சொல்லியிருப்பார். அபர்ச்சர் என்பது லென்ஸின் ஒளித் துவாரம்; எஃப் எண் கூடினால் துவாரம் சிறுக்கும். அவருடைய கமராவுக்கு அது சரி. உங்களுடையதுக்குச் சரிவராது.

பி900, பி950, பி1000, எஸ்எக்ஸ்70 எல்லாவற்றிலும் உள்ள, ஒளியைப் பிடிக்கும் சென்சர் ஏறத்தாழ 6.2 மில்லிமீற்றர் நீளம், 4.6 மில்லிமீற்றர் அகலம். உங்கள் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. முழு அளவு சென்சர் 36க்கு 24. பரப்பில் இதைப் போல முப்பது மடங்கு. நிக்கோன் கமராக்களில் அந்தச் சின்ன இடத்துக்குள் 16 மில்லியன் பிக்சல்களை அடுக்கும்போது ஒரு பிக்சலின் அகலம் ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் வருவதில் ஒன்றே கால் பங்குக்குச் சற்றுக் கூடுதல். ஒளி ஒரு சிறிய துவாரத்துக்குள்ளால் போகும்போது விரியும். எஃப் 8இல் ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளி, அப்படிப்பட்ட பிக்சல்கள் எட்டின் அகலத்துக்குப் பரவிவிடுகிறது. லென்ஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இது நடக்கும். ஒளியின் இயல்பே அது.

ஆகவே இந்தக் கமராக்களில் அபர்ச்சரை எப்போதும் ஆக அகலமாக விட்டுவிடுங்கள். மூட வேண்டிய தேவையே அநேகமாக வராது. சென்சர் சிறிதாக இருப்பதால் முன்னும் பின்னும் உள்ளவை தாமாகவே போகஸுக்குள் வரும்.

இதே காரணத்தால், எடுத்த படத்தைக் கணினியில் முழு அளவுக்கு விரித்துப் பார்த்து மனம் நோவதிலும் பயனில்லை. பாதி அளவில் பாருங்கள். அந்த அளவில் இறுக்கமாக இருக்கும் படம் ஏ4 தாளில் அச்சடிக்கவும் போதும்.

வெளிச்சம் இல்லாத நேரத்தில் முழு ஸூமை இழுப்பது

பி1000 அகலப் பக்கத்தில் எஃப் 2.8; முழு ஸூமில் எஃப் 8. அதாவது லென்ஸ் உள்ளே விடும் ஒளி எட்டில் ஒன்றாகக் குறைகிறது. மாரி காலத்து இருண்ட பின்னேரத்தில் அந்த இழப்பைக் கமரா ஐஎஸ்ஓவை, அதாவது ஒளி உணர்திறனை, கூட்டி நிரப்பும். கூட்டினால் பொரிப்பொரியாகப் புள்ளி வரும். புள்ளியை அழிக்கக் கமராவே முயலும்போது இறகும் சேர்ந்து அழிந்து, பறவை மெழுகு பூசியது போலாகிவிடும்.

ஐஎஸ்ஓவை முழு ஓட்டோவில் விடாதீர்கள். மெனுவில் மேல் எல்லையை 400இல் வையுங்கள், தவிர்க்க முடியாவிட்டால் 800. நொய்ஸ் (அந்தப் புள்ளி) குறைப்பை 'லோ'வில் வையுங்கள். பி950, பி1000, எஸ்எக்ஸ்70 வைத்திருப்பவர்களுக்கு ரோ (கமரா திருத்தாத மூலக் கோப்பு) வசதி உண்டு, அதைப் பயன்படுத்திக் கணினியில் புள்ளியை அகற்றினால் நல்ல மாற்றம் தெரியும். பி900இல் ரோ கிடையாது, ஆகவே ஜேபெக்கை 'ஃபைன்' தரத்தில் வைத்திருக்கிறீர்களா என்று ஒருமுறை பாருங்கள்.

ஷட்டர் வேகத்தில் ஒரு குழப்பம் இருக்கிறது. ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும், பறவையின் அசைவை நிறுத்தாது. கோட்டைக்குள் அசையாமல் நிற்கும் புள்ளிமானுக்கு நொடியில் 250இல் ஒரு பங்கு போதும். துறைமுகத்துக்கு மேலே வட்டமிடும் செம்பருந்துக்கு 1000இல் ஒரு பங்காவது வேண்டும், கூட இருந்தால் இன்னும் நல்லது. ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தி, படம் நிலைப்பட ஒரு நொடி விட்டுப் பிறகு முழுதாக அழுத்துங்கள். கையை நீட்டித் திரையைப் பார்த்து எடுக்காமல், கண்ணை வியூபைண்டரில் வைத்து முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொள்ளுங்கள்.

பி900 வேகமான தொடர் எடுப்பில் ஏழு படம் எடுத்துவிட்டு, அவற்றைக் கார்டில் எழுதி முடிக்கும்வரை நின்றுவிடும். பருந்து தூரத்தில் வரும்போதே அழுத்தினால் அது உங்கள் தலைக்கு மேல் திரும்பும் நேரத்தில் கமரா கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். இறக்கை சாயும்வரை பொறுங்கள்.

ட்ரைபொட் தூக்க மனமில்லாதவர்கள், பழைய துணிப்பையில் ஒன்றிரண்டு கிலோ பயறை நிரப்பி வாயைத் தைத்து வைத்துக்கொள்ளலாம். மதிலிலோ ஓட்டோக் கம்பியிலோ போட்டு அதன்மேல் லென்ஸை அமர்த்தினால் அருமையாக நிற்கும்.

திமிங்கிலம் பார்க்கப் படகில் போகிறவர்களுக்கு இது எதுவும் பொருந்தாது. அங்கே 2000 மில்லிமீற்றரில் ஒரு பாகை அகலம்தான் தெரியும். நீலத்திமிங்கிலமே என்றாலும் ஆடும் படகிலிருந்து அதற்குள் பிடிக்க முடியாது. 300 முதல் 600 வரை வைத்துக்கொண்டு, முழங்காலைச் சற்று மடித்து நின்று, வேகத்தைக் கூட்டி எடுங்கள்.

டிஜிட்டல் ஸூமைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மெனுவில் நிறுத்திவிடுங்கள். அது எடுத்த படத்தின் நடுவை வெட்டிப் பெருப்பிக்கிறது, அதை நீங்களே பிறகு செய்யலாம்.

சூரியன் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் நிற்பது

நம் ஊர்க் கடற்கரைகள் பெரும்பாலும் கிழக்கைப் பார்த்தவை. காலையில் உப்புவெளியில் கரைவலை இழுப்பதைக் கடலை நோக்கி நின்று எடுத்தால் ஆட்கள் கறுப்பு உருவங்களாகத்தான் வருவார்கள். கரையோடு நடந்து பக்கவாட்டில் நில்லுங்கள். பின்னேரத்தில் சூரியன் ஊர்ப்பக்கம் போய்விடும். அப்போது கடலில் உள்ள எல்லாவற்றிலும் நேர் வெளிச்சம் விழும். கோயில் மலையின் கடற்பக்கப் பாறைச் சுவரைப் படகிலிருந்து எடுக்க விரும்பினால் காலைதான் நேரம்.

வயலில் நிற்கும் வெள்ளைக் கொக்கு சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்து வந்தால், எக்ஸ்போஷரை மைனஸ் 0.7க்குக் குறையுங்கள். சின்னச் சென்சரில் ஒருமுறை வெளுத்துப்போன இறகை மீட்க முடியாது.

கடற்படைத் தளம், சீனக்குடா விமானத்தளம், இராணுவம் இருக்கும் கோட்டையின் உட்பகுதிகள் ஆகியவற்றை நோக்கி நீண்ட லென்ஸைத் திருப்பாதீர்கள். பறவையைத்தான் எடுத்தோம் என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டிவரும்.

உப்பையும் மணலையும் சாதாரணமாக எடுத்துக்கொள்வது

கடற்கரையில் அரை மணி நேரம் நின்றாலே முன் கண்ணாடியில் மெல்லிய உப்புப்படலம் ஏறிவிடும். படம் வெளிறிப்போவதற்கு அது போதும். அதைச் சாரத் தலைப்பால் துடைத்தால் உப்பும் மணலும் சேர்ந்து கண்ணாடியைக் கீறும். முதலில் ரப்பர் ஊதுகுழலால் ஊதி, பிறகு லென்ஸ் திரவத்தில் நனைத்த மென்துணியால் துடையுங்கள்.

மலிவான யூவி ஃபில்டரைக் காப்புக்காகப் போட்டிருப்பவர்கள் நீண்ட ஸூமில் எடுக்கும்போது கழற்றிவிட்டு ஒரு படம், மாட்டி ஒரு படம் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் அது பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

லென்ஸ் வெளியே நீளும்போது காற்றை உள்ளே இழுக்கிறது, மடங்கும்போது வெளியே தள்ளுகிறது. காற்று வீசும் கடற்கரையில் சும்மா இழுத்து இழுத்து விளையாடினால் தூசி சென்சர்வரை போகும். லென்ஸைக் கழற்ற முடியாத கமரா என்பதால் அதை வீட்டில் துப்புரவாக்கவும் முடியாது.

மாரி தொடங்கினால் கமராவை அலுமாரியில் துணிகளுக்கு நடுவே வைக்காதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நிறம் மாறும் வகை ஜெல் வாங்கினால் எப்போது காய வைக்க வேண்டும் என்பது பார்த்தவுடன் தெரியும்.