கல்லுக்குப் பயந்து பாலை நிறுத்த வேண்டாம்: மலையகச் சமையலறைக்கு ஒரு செய்முறை

ஸ்கேனில் சிறுநீரகக் கல் என்று தெரிந்ததும் நம் வீடுகளில் முதலில் நிறுத்துவது பாலைத்தான். கல்லில் கல்சியம் இருக்கிறது, பாலிலும் இருக்கிறது, அப்போ பாலை விட்டால் சரி என்று நினைக்கிறோம். ஹட்டனிலும் இதே பேச்சு, பதுளையிலும் இதே பேச்சு. கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறுகிறது, ஏனென்றால் நடப்பது நேர்மாறு.

பெரும்பாலான கற்கள் கல்சியமும் ஒக்சலேட் என்ற பொருளும் சேர்ந்து உருவாகின்றன. பசளிக்கீரை, பீட்ரூட், கச்சான், தேயிலைச் சாயம் எல்லாவற்றிலும் ஒக்சலேட் உண்டு. சாப்பாட்டோடு கல்சியமும் போனால் இரண்டும் குடலிலேயே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மலத்தோடு போய்விடும். கல்சியம் இல்லாவிட்டால் ஒக்சலேட் இரத்தத்தில் கலந்து சிறுநீருக்கு வந்து, அங்கே இருக்கும் கல்சியத்தோடு சேர்ந்து கல்லாகும். இத்தாலியில் ஏற்கனவே கல் வந்த 120 ஆண்களை 5 வருடம் கவனித்த ஆய்வொன்று 2002இல் வெளியானது. கல்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்கு மறுபடி கல் வந்தது. கல்சியத்தை வழக்கம்போல் சாப்பிட்டு உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்குத்தான் வந்தது.

சரி, செய்ய வேண்டியதைப் பார்ப்போம்.

முதல் படி, தண்ணீர். ஒரு நாளைக்கு 2 முதல் 2.5 லீட்டர் சிறுநீர் போக வேண்டும், அதற்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்க வேண்டும். நுவரெலியாக் குளிரில் தாகமே தெரியாது, அதனால் தாகத்தை நம்பாமல் போத்தலை நம்புங்கள். காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு) போகும் முன் இரண்டு கிளாஸ், மலைக்கு ஒரு லீட்டர் போத்தல், பகல் சாப்பாட்டுக்குள் அது முடிய வேண்டும், கொழுந்து நிறுத்து முடிந்து வந்ததும் இன்னொரு லீட்டர், படுக்கும் முன் ஒரு கிளாஸ். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும், கடும் மஞ்சள் என்றால் போதவில்லை. மலையில் ஒதுங்க இடமில்லை என்று எத்தனையோ பெண்கள் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். அந்தக் குறையைச் சகித்துக்கொண்டு போகாதீர்கள் அக்கா, சங்கத்தில் சொல்லி மலசலகூடம் கேளுங்கள், அது உங்கள் உரிமை. சிறுநீரகம் பழுதானவர்களும் இதய நோய் உள்ளவர்களும் மட்டும் டொக்டரிடம் அளவு கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

இரண்டாவது, கல்சியக் கணக்கு. வயது வந்தவருக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம், 50 வயது தாண்டிய பெண்களுக்கு 1200. ஒரு கிளாஸ் பாலில் சுமார் 240 மில்லிகிராம் இருக்கிறது. ஆனால் பால்தேத்தண்ணியில் போடும் ஒரு தேக்கரண்டி பால்மாவில் 50கூட வராது, அதை நம்பி இருக்க முடியாது. பகல் சோற்றோடு ஒரு கோப்பைத் தயிர், இரவுக்கு 50 கிராம் குரக்கன் மாவில் ரொட்டி (அதில் 150க்கு மேல்), முள்ளோடு சாப்பிடும் நெத்தலி என்று சேர்த்தால் கணக்கு மெல்ல நிரம்பும். முக்கியமான விஷயம் நேரம்: கல்சியம் சாப்பாட்டு வேளையிலேயே போக வேண்டும். பீட்ரூட் கறி வைக்கிற நாளில் பக்கத்தில் தயிர் இருக்கட்டும். வெறும் சாயத்தைவிடப் பால் சேர்த்த தேத்தண்ணி நல்லது.

மாத்திரை எடுப்பவர்கள் அதையும் சாப்பாட்டோடு எடுங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம். கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் தரும் கல்சியத்தைக் கல்லுக்குப் பயந்து நிறுத்தவே கூடாது. இரும்பு மாத்திரையோடு சேர்க்காமல் வேறு வேளையில் எடுத்தால் சரி.

மூன்றாவது, உப்பு. உண்மையான குற்றவாளி இதுதான். உடம்பு கூடுதல் உப்பை வெளியேற்றும்போது கல்சியத்தையும் சிறுநீருக்கு இழுத்துக்கொண்டு போகிறது. ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி மட்டம்தான். ரொட்டி மாவில் உப்பு, சம்பலில் உப்பு, கருவாட்டில் உப்பு என்று காலைச் சாப்பாட்டிலேயே அதில் பெரும்பங்கு போய்விடும். அதனால் மாவில் போடாதீர்கள், சம்பலில் பாதியாக்கித் தேசிக்காயைக் கூடப் பிழியுங்கள், தேசிக்காய்ப் புளியில் உள்ள சிற்றேட் கல் சேராமல் தடுக்கும். நெத்தலியை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டு தடவை அலசுங்கள், கறியில் வேறு உப்பு வேண்டாம்.

நான்காவது சின்னதுதான். இறைச்சியை அளவோடு வையுங்கள், தேத்தண்ணிச் சீனியையும் இனிப்புச் சோடாவையும் குறையுங்கள், கச்சான் கொறிப்பதைத் தினப் பழக்கமாக்காதீர்கள்.

கடைசிப் படி, ஏற்கனவே கல் இருப்பவர்களுக்கு. வலி வந்து போகும் நாட்களில் பழைய தேத்தண்ணி வடியொன்றைக் கழிப்பறையில் வைத்து, சிறுநீரை அதன் வழியே விடுங்கள். மணல்போல் ஏதாவது நின்றால் காயவைத்துச் சின்னப் போத்தலில் போட்டு டொக்டரிடம் கொடுங்கள். யூரிக் அமிலக் கல், கிருமித் தொற்றால் வரும் கல் என்று வேறு வகைகளும் உண்டு, அவற்றுக்கு வைத்தியம் வேறு. வலியோடு காய்ச்சலும் குளிர் நடுக்கமும் வந்தால், அல்லது சிறுநீரே போகாவிட்டால், வடியையும் போத்தலையும் விட்டுவிட்டு அந்த இரவே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.