கவட்டைக்கு மண் உண்டை: கீறல் விடாமல் காயவைப்பது எப்படி?

போன கோடையில் கவட்டைக்காக, அதாவது உண்டிவில்லுக்காக, நான் உருட்டிய முதல் 200 மண் உண்டைகளில் தேறியது 17. மிச்சமெல்லாம் மொட்டைமாடியிலேயே வாயைப் பிளந்துவிட்டன. தேறிய 17-லும் ஒன்று, இழுத்து விடும்போது உண்டை வைக்கிற தோலுக்குள்ளேயே உடைந்து புழுதியாக என் முகத்தில் அடித்தது. கண்ணாடி போடுகிற ஆள் என்பதால் தப்பித்தேன். அதற்கப்புறம் நாலு தடவை செய்து பார்த்துப் பிடிபட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கவட்டை செய்வதையும் ரப்பர் கட்டுவதையும் விட்டுவிடுகிறேன். கொய்யாக் கவட்டை, சைக்கிள் ட்யூப், பிய்ந்த செருப்பின் தோல். ஊரில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

கல் இருக்கும்போது மண் எதற்கு என்று கேட்பீர்கள். ஒரு சரளைக்கல் மாதிரி இன்னொன்று இருக்காது. பத்து மீட்டர் தள்ளித் தொங்கும் டின்னை ஒரு கல் தொடும், அடுத்தது ஒரு சாண் கீழே போகும். என் கைதான் சரியில்லை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே எடை, ஒரே உருண்டை என்று ஆனதும் குறி தானாக நெருங்கியது. அது போக, மண் உண்டை டின்னில் பட்டதும் பொடியாகிவிடும், திரும்பித் தெறிக்காது. ஒரு மழை பெய்தால் தரையோடு தரை. உண்டிவில் என்ற பெயரிலேயே உண்டை இருக்கிறது, பாருங்கள்.

மண்

குளத்து வண்டல்தான் என் முதல் தேர்வு. பங்குனி, சித்திரையில் குளம் வற்றிப் பாளம் பாளமாகக் கிடக்கும்போது மேலோட்டை நீக்கிவிட்டு உள்ளே இருப்பதை அள்ளுங்கள். இரண்டு கிலோ இருந்தால் 300 உண்டைக்குக் காணும். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலிலும் செய்யலாம், ஆனால் அது காயும்போது சுருங்குகிற சுருக்கம் அதிகம். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணல், அதாவது செம்மணல் மேட்டு மணல், தனியாக உருட்ட ஆகாது, பிடி நிற்காது. களிமண்ணில் கலக்க என்றால் அதைப்போல மணல் கிடையாது, அவ்வளவு நைசு.

மண்ணைக் காயவைத்து, தட்டி, மாவுச் சல்லடையில் சலியுங்கள். (வீட்டுச் சல்லடையை எடுக்காதீர்கள். எனக்கு மூன்று நாள் சோறு பேச்சில்லாமல் வந்தது.) வண்டல் மூன்று பங்குக்கு மணல் ஒரு பங்கு. கரிசல் என்றால் இரண்டுக்கு ஒன்று. சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்து, ஈரத்துணி போட்டு ஒரு ராத்திரி மூடி வையுங்கள். காலையில் தரையில் ஓங்கி ஓங்கி அடித்து மறுபடி பிசைந்தால் உள்ளே இருக்கும் காற்று போய்விடும்.

உருட்டுவது

கண்ணளவு வேண்டவே வேண்டாம். கேக் செய்கிறவர்கள் வைத்திருக்கும் பிளாஸ்டிக் அளவுக் கரண்டி செட் வாங்குங்கள். அதில் அரை டீஸ்பூன், அதாவது 2.5 மில்லி. அழுத்தி நிரப்பி, கத்தியால் வழித்துவிட்டு, சீடை உருட்டுவது போல உருட்டுங்கள். காய்ந்த பிறகு ஏறக்குறைய 15 மில்லிமீட்டர் வரும், மூன்றரை கிராம் சுமாருக்கு நிற்கும். உள்ளங்கையில் தண்ணீர் தொடாதீர்கள். மேல் தோல் மட்டும் குழைந்து, பின்னால் அங்கேதான் கீறும். ஒட்டினால் ஒரு சொட்டு எண்ணெய் போதும்.

காயவைப்பது

நான் கவிழ்ந்தது இங்கேதான். சித்திரை வெயிலில் மாடியில் பரப்பினால் ஒரே நாளில் காய்ந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். காய்ந்தது உண்மை. மத்தியானம் ஏறிப் பார்த்தால் எல்லாம் வெடித்துக் கிடந்தன. இரண்டாவது தடவை மின்விசிறிக்குக் கீழே வைத்தேன், அதுவும் அப்படித்தான்.

காருகுறிச்சியில் மண்பாண்டம் வாங்கப் போனபோது, அங்கே சக்கரத்தில் இருந்த பெரியவரிடம் இதைக் கேட்டேன். கையில் இருந்த மண்ணை விடாமலே சொன்னார்: “தம்பி, வெளிய முதல்ல காஞ்சா அது சுருங்கும். உள்ள இருக்கது ஈரம், அது சுருங்காது. பெறவு தோலு கிழியாம என்ன செய்யும்? வெயிலே காட்டாதீங்க, மூடிப்போட்டுக் காய விடுங்க, பாத்துக்கிடுங்க.” மணல் சேர்ப்பதும் இதற்காகத்தானாம். சுருக்கத்தைக் குறைக்கும், உள் ஈரம் வெளியேற வழியும் விடும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். நிழலில் சாக்கு விரித்து, உண்டைகள் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, மேலே பிழிந்த ஈரச்சாக்கைப் போட்டு மூடுங்கள். இரண்டாம் நாள் அதே சாக்கு, நனைக்காமல். நாளைக்கு இரண்டு தடவை புரட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அடிப்பக்கம் தட்டையாகிவிடும். மூன்றாம் நாள் திறந்த நிழல். நிறம் முழுக்க வெளுத்த பிறகுதான் அரை நாள் வெயில். ஒன்றை எடுத்து இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் போடுங்கள். உடையாவிட்டால் தயார்.

சுடலாமா என்றால், நான் சுடுவதில்லை. சுட்டால் கல்லைப் போலாகித் தெறிக்கும், பிறகு மண் உண்டைக்கு என்ன மரியாதை. உள்ளே ஈரம் இருந்தால் நெருப்பில் எண்ணெய்ச் சீடை மாதிரி வெடிக்கவும் செய்யும்.

மற்றவை

கழற்சிக்காய் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். சாம்பல் நிறம், நல்ல உருண்டை, கல் போல உறுதி. மண்ணுக்கு அடுத்தபடி எனக்குப் பிடித்தது இதுதான், பொறுக்கி எடுத்துத் திரும்ப அடிக்கலாம். புன்னைக்காய் பார்க்க அழகு, ஆனால் லேசு. காற்று தள்ளிக்கொண்டு போகும். லேசான உண்டை போட்டால் ரப்பரின் வேகம் மிஞ்சித் திரும்பி வந்து கையைச் சுண்டும். சைக்கிள் கடையில் கிடைக்கும் இரும்பு பால்ஸும் அப்படித்தான், கால் அங்குல பால்ஸ் ஒரு கிராம்தான் இருக்கும். புளியமுத்து தட்டை, போகிற வழியிலேயே திரும்பிவிடும். கோலிக்குண்டு ஐந்து கிராம் வரும், குறி சுத்தம், ஆனால் தெறிக்கும். டின்னுக்குப் பின்னால் பழைய போர்வையைத் தளர்வாகத் தொங்கவிட வேண்டும். குண்டுமணி, ஆமணக்குமுத்து இரண்டும் விஷம். வலைக்குக் கட்டும் ஈயக்குண்டும் ஆகாது. பிள்ளைகள் புழங்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

எதை அடித்தாலும் வேப்பமரத்தில் கட்டித் தொங்கும் டின்னை அடியுங்கள். பனையில் கட்டியிருக்கும் கலயத்தை அடித்து வாங்கிக் கட்டிக்கொண்ட கதை எங்கள் தெருவில் உண்டு. பறவைகளை அடிப்பது 1972-ஆம் வருஷத்து வனஉயிரினச் சட்டப்படி குற்றம். திருநெல்வேலி ஜில்லாவில் பறவைகள் சரணாலயம் இருக்கிற கூந்தன்குளத்தில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடிகூடப் போடுவதில்லை. அந்த ஜில்லாவில் இருந்துகொண்டு கொக்கைக் குறிபார்க்க வெட்கமாக இருக்க வேண்டும்.

பின்சேர்க்கை: ஐப்பசி மழைக்குப் பிறகு உண்டைகள் தோலிலேயே உதிர்கின்றன என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். எனக்கும் அதுதான் நடந்தது. காய்ந்த மண் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. இப்போது ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, கூடவே நாலு துண்டு அடுப்புக்கரி போட்டு இறுக்கி மூடி வைக்கிறேன். கரியைத் துணியில் முடிந்து போடுங்கள், இல்லையென்றால் உண்டை எடுக்கிற விரலெல்லாம் கறுப்பாகிவிடும்.